ஓடும்போது நார்மல், நின்றால் கொதிக்கிறதா? உங்கள் காரின் ரேடியேட்டர் ஃபேனைக் கொஞ்சம் கவனியுங்கள்!

சனிக்கிழமை மதியம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வரும் கார்கள், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்வரை நிற்காமல் ஓடி வந்துவிடுகின்றன. கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லை ஆரம்பம். அடுத்தது காலாப்பட்டு. பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மத்திய சிறை என்று சாலையோரம் வரிசையாக நிறுவனங்கள். பஸ் ஸ்டாப்பில் மாணவர்கள், குறுக்கே பாயும் டூவீலர்கள். இங்கே குறைகிற வேகம் அப்புறம் கூடுவதே இல்லை. காலாப்பட்டைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் வழியாக ஊர்ந்து போய், முத்தியால்பேட்டைப் பக்கம் வந்தால்தான் திரும்பவும் புதுச்சேரி. அங்கேயும் சிக்னல்.

பல கார்கள் மக்கர் செய்வது இந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில்தான். நூற்றைம்பது கிலோமீட்டர் தூரம் ஒரு குறையும் சொல்லாமல் வந்த வண்டி, பல்கலைக்கழக வாசலுக்கு அருகில் ஓரங்கட்டப்பட்டு, பானட் திறந்து, ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். பின்சீட்டில் குழந்தைகள். 'நேத்துதானே சர்வீஸ் விட்டீங்க?' என்ற கேள்வி முன்சீட்டிலிருந்து வரும்.

சர்வீஸ் விட்டிருக்கலாம். ஆனால், ஓடும்போது நார்மலாக இருந்து, நின்றால் மட்டும் சூடேறும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் எலெக்ட்ரிக் ஃபேனைத்தான்.

ஓடும்போது ஏன் தெரிவதில்லை?

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்ஸர் வழியாகப் போய்விடும். மீதி உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருவது கூலன்ட். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்பக்க கிரில் வழியாக வீசும் காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கப் போதும். அப்போது ஃபேனுக்கு வேலையே இல்லை. அது செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.

வண்டி நின்றதும் எதிர்க்காற்று நின்றுவிடுகிறது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏசியும் போட்டிருந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர் தன் பங்குக்கு உஷ்ணத்தைக் கக்குகிறது. பெரும்பாலான கார்களில் கூலன்ட் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்து, சில டிகிரி குறைந்ததும் நின்றுவிடும். அது சுற்றாவிட்டால், முள் சிவப்பைத் தொடச் சில நிமிடங்களே போதும்.

பழைய அம்பாசடரில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் முன்முனையில் பெல்ட்டால் சுற்றும் ஃபேன், அதற்கு நேர் எதிரில் ரேடியேட்டர். இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும், அவ்வளவுதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் திரும்பிக்கொண்டது. புல்லி பக்கவாட்டில் போய்விட்டதால் ரேடியேட்டருக்குத் தனி மோட்டார் தேவைப்பட்டது. தேவையானபோது மட்டும் சுற்றுவதால் பெட்ரோலும் மிச்சம், சத்தமும் குறைவு. கூடவே ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு சென்ஸார், நாலைந்து கனெக்டர்கள், ஒரு மோட்டார் என்று கெட்டுப்போக இத்தனை இடங்களும் வந்து சேர்ந்தன.

சிவப்பு விளக்கு எரிந்தால்...

முதலில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது இரண்டும் உண்டு. ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, இன்ஜினையும் அணைக்க வேண்டும். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, ஹோட்டலுக்குப் போயிடலாம்' என்பதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான முடிவு. அலுமினிய சிலிண்டர் ஹெட் அதிக உஷ்ணத்தில் வளைந்துவிடும். ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய் ரிலேவிலோ, சில ஆயிரம் ரூபாய் மோட்டாரிலோ முடிந்திருக்க வேண்டிய செலவு இன்ஜினை இறக்கும் செலவாகிவிடும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அந்த மூடி, உள்ளே இருக்கும் கூலன்ட்டை அழுத்தத்தில் பிடித்துவைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து ஆவியாக முகத்தில் அடிக்கும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கிறேன் என்பதெல்லாம் வீரமில்லை. குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்குகிறது என்றான பிறகு பார்க்கலாம். அதேபோல், கொதிக்கிற இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. சூடான உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடும்.

இன்னொன்று, பல சிறிய கார்களில் இப்போது டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, அதிகச் சூடானால் சிவப்பு விளக்கு. நடுவில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. விளக்கு எரியும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். கார் கம்பெனிகள் இதை என்ன சொல்லி நியாயப்படுத்தினாலும் ஓட்டுபவருக்கு இது நல்லதல்ல.

ஏசி பட்டன் சொல்லும் சேதி

வண்டி ஆறியதும், கூலன்ட் டேங்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் பிரச்னை ஃபேனாக இல்லாமலும் இருக்கலாம். எங்காவது ஒழுகியிருக்கும். கூலன்ட் குறைந்து சென்ஸார் இருக்கும் இடத்தில் வெறும் ஆவியோ காற்றோ நின்றால், சென்ஸாருக்குச் சரியான சூடு தெரியாது. இன்ஜின் வேக, ஃபேன் சும்மா இருக்கும்.

அளவு சரியாக இருக்கிறதா? இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால், இன்ஜின் சூடாக இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றியாக வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை இதுதான்.

ஏசி போட்டதும் ஃபேன் சுற்றினால், மோட்டார், ஃபியூஸ், வயரிங் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு பெரும்பாலும் சூட்டை அறிந்து சொல்லும் பக்கத்தில்தான்: சென்ஸார், அதன் வயர், அல்லது தெர்மோஸ்டாட். வழக்கமாக 'சூடானால் ஏசியை அணை' என்பார்கள். ஆனால், இந்த ஒரு நிலைமையில் மட்டும், ஏசியைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். சூட்டைக் கவனித்தபடி ஒர்க்‌ஷாப் வரைக்கும் போய்விடலாம். முள் ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

ஏசி போட்டும் சுற்றவில்லை என்றால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. அல்லது மோட்டாரே போய்விட்டது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஏசியில் கேஸ் இல்லாவிட்டால் கம்ப்ரஸரே ஓடாது. அப்போது ஃபேனும் சுற்றாது. அதை வைத்து மோட்டார்மேல் பழி போடக் கூடாது. சில கார்களில் ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்ஸருக்கு ஒன்று என்று இரண்டு ஃபேன்கள் இருக்கும். எது சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபியூஸ், ரிலே: பத்து நிமிட வேலை

பானட்டுக்கு உள்ளே, பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்பு நிறப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியின் உட்புறம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள். ஃபேன் ஃபியூஸ் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். பிடுங்கிப் பார்த்தால், உள்ளே இருக்கும் உலோகப் பட்டை அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடலாம். போட்டதும் மறுபடி அறுந்தால், மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. அப்போது பெரிய ஆம்பியர் ஃபியூஸைப் போடுவதும், செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும் காருக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும்.

ரிலே என்பது சின்னச் சதுரப் பெட்டி. கம்ப்யூட்டரிடமிருந்தோ ஸ்விட்ச்சிடமிருந்தோ சின்னக் கரன்ட்டை வாங்கி, மோட்டாருக்கான பெரிய கரன்ட்டைத் திறந்துவிடுவது இதன் வேலை. பல கார்களில் ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே மாதிரி ரிலே இருக்கும். மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். ஃபேன் சுற்றி, ஹாரன் அடிக்காமல் போனால் குற்றவாளி சிக்கிவிட்டது. ஊர்போய்ச் சேரும்வரை ஹாரன் இல்லாமல் போகலாமா என்பது வேறு கதை. ஈசிஆரில் அது அத்தனை நல்ல யோசனை இல்லை.

ரிலேவில் 'டிக்' என்று சத்தம் கேட்டும் ஃபேன் சுற்றாமல் இருக்கலாம். உள்ளே தொடுமுனைகள் கருகியிருந்தால் சத்தம் வரும், கரன்ட் வராது. 'டிக் சத்தம் வருது, ரிலே ஓகே' என்று முடிவுகட்டி, நல்ல மோட்டாரைக் கழற்றிப்போட்டு நேரத்தை வீணாக்குவது இப்படித்தான்.

மோட்டாரைத் தட்டினால் சுற்றுகிறதா?

மோட்டாரைச் சோதிக்க நேரடி வழி, அதன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது. வயரிங் தெரிந்தவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சுற்றாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

மரக்கட்டையால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டியதும் அது சுற்ற ஆரம்பித்தால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்றைக்குச் சுற்றும், நாளை சுற்றாது. சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் இறுகியிருப்பதும் தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றாமல் கையை விடக் கூடாது. சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும், சூடு இருந்தால் ஃபேன் திடீரெனச் சுற்றும். துப்பட்டா, தளர்வான சட்டைக்கை எல்லாம் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய மோட்டார் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய மோட்டாரின் கனெக்டரோடு பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். ஃபேன் ஓடுகிறது, ஆனால் வண்டி கொதிக்கிறது என்ற விநோதம் அப்படி வரும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன், காற்றை வெளியிலிருந்து இன்ஜினை நோக்கி இழுக்க வேண்டும். கிரில் முன்னால் ஒரு தாளைக் காட்டினால் அது உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே பறந்தால் வயரை மாற்ற வேண்டும்.

கடற்காற்றும் எலியும்

காலாப்பட்டு மாதிரி கடலோர ஊர்களில் நிறுத்திவைக்கும் கார்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு: உப்புக்காற்று. ஃபேன் மோட்டார் காரின் மூக்கிலேயே இருப்பதால், மழைநீரும் உப்பு ஈரமும் முதலில் அடிப்பது அதன் கனெக்டரைத்தான். கழற்றிப் பார்த்தால் பச்சை நிறத்தில் பூத்திருக்கும். பேட்டரியிலிருந்தும், ஃபேன் மோட்டாரிலிருந்தும் வரும் எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கும். ஃபியூஸ் நன்றாக இருக்கும், ரிலே நன்றாக இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும். ஆனாலும் சுற்றாது, அல்லது சோம்பலாகச் சுற்றும். ஃபேன் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த்திலும் இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி இறுக்கினாலே பாதி கார்கள் சரியாகிவிடும். மோட்டாரை மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்த்தீர்களா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது எலி. மழைக்காலத்தில் ஒரு வாரம் ஓடாமல் நின்ற காரின் இன்ஜின் மறைவுக்கு எலி வந்து குடியிருக்கும். சென்ஸார் வயர்கள் மெல்லியவை. கடித்துவைத்தால் வெளியே தெரியாது. ஊரிலிருந்து திரும்பி வந்து முதல் தடவை வண்டியை எடுக்கும்போது பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

சென்ஸாரும் தெர்மோஸ்டாட்டும்

மாருதி 800 போன்ற பழைய கார்களில் சூட்டை உணரும் தெர்மோ ஸ்விட்ச்சே ஃபேனை இயக்கும். இரண்டு வயர் கொண்ட அந்தக் கனெக்டரைக் கழற்றி, இரண்டு முனைகளையும் சின்ன வயரால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் ஸ்விட்ச்தான் போச்சு. மாற்றிவிடலாம், விலையும் குறைவு.

இன்றைய கார்களில் இந்தப் பரிசோதனையை அப்படியே செய்யக் கூடாது. இவற்றில் இருப்பது ஸ்விட்ச் அல்ல, சென்ஸார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அறையின் வெப்பத்தில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பது, இன்ஜின் சூட்டில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். அதைப் படித்து, ஃபேனைப் போடலாமா வேண்டாமா என்று முடிவுசெய்வது ஈசியூ என்கிற கம்ப்யூட்டர். சாவியை ஆன் செய்து சென்ஸார் கனெக்டரைக் கழற்றினால், பல கார்களில் ஈசியூ பயந்துபோய்ப் பாதுகாப்புக்காக ஃபேனைப் போட்டுவிடும். அப்படிச் சுற்றினால் ஈசியூவும் ரிலேவும் மோட்டாரும் ஒழுங்கு, சந்தேகம் சென்ஸார்மேல். எஞ்சின் விளக்கு எரியும், அதை ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, மொபைலில் கூலன்ட் சூட்டை டிகிரி கணக்கில் பார்க்கலாம். டெம்பரேச்சர் முள் இல்லாத கார் வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். பி-0480 என்று கோட் வந்தால் ஃபேன் சர்க்யூட். பி-0117, பி-0118 வந்தால் சென்ஸார் சர்க்யூட்.

எல்லாம் சரியாக இருந்தும் ஃபேன் வரவில்லை, இன்ஜின் கொதிக்கிறது, ஆனால் ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. அப்போது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கே வரவில்லை. ரேடியேட்டரில் ஸ்விட்ச் பொருத்திய பழைய கார்களில், குளிர்ந்த ரேடியேட்டரைப் பார்த்து ஃபேன் ஏன் சுற்ற வேண்டும்? 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா தொல்லையே இல்ல சார்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், மைலேஜ் குறையும். புதியது போடுவதே சரி.

இதேபோல இன்னொரு குறுக்குவழி, ஃபேனை 'டைரக்ட்' கொடுப்பது. சாவியைப் போட்டதும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும்படி இணைத்துவிடுவார்கள். ஒரு நாள் அவசரத்துக்கு, சரியான ஃபியூஸோடும் ரிலேவோடும் செய்தால் ஊர்போய்ச் சேரலாம். ஆனால் அதையே நிரந்தரமாக்கினால் மோட்டார் சீக்கிரம் தேயும், குறைந்த தூரம் ஓடும் வண்டியில் பேட்டரிக்குச் சுமை, நிஜமான கோளாறு உள்ளேயே ஒளிந்துகொள்ளும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு தனி ஸ்விட்ச் தொங்கும் செகண்ட் ஹேண்ட் கார் விலைபேச வந்தால், அது எதற்கு என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நடுவழியில் மெக்கானிக் இல்லை என்றால்...

ஃபேன் முழுவதுமாகச் செத்துவிட்டது, பக்கத்தில் கடை இல்லை. இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பாருங்கள். பலர் பணம் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. வண்டி நன்றாக ஆறி, கூலன்ட் நிரப்பிய பிறகு, ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது காருக்குள் இழுத்துவிடும். கத்திரி வெயிலில் இது கொடுமைதான். குழந்தைகளையும் பெரியவர்களையும் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ அனுப்பிவிட்டு, ஓட்டுபவர் மட்டும் வேர்த்துக்கொண்டு வரலாம்.

காலாப்பட்டில் மாட்டிக்கொண்டால் மதியம் கோட்டக்குப்பம் நெரிசலுக்குள் நுழையாமல், டீ குடித்துக் கடல் பார்த்துக் காத்திருந்து, இரவு பத்து மணிக்கு மேல் சாலை காலியானதும் நிற்காமல் நாற்பது, ஐம்பதில் போவது நல்லது. ஓடுகிற வண்டிக்குக் காற்று கிடைத்துவிடும். சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டினால் நிறுத்தி மறுபடி ஆறவிட வேண்டும்.

இப்படி நடுரோட்டில் நிற்பதற்குச் சில வாரங்கள் முன்பே கார் ஒரு சைகை காட்டியிருக்கும். ஓடும்போது ஏசி ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் வெறும் காற்றாக வந்தால், அது கேஸ் குறைவு மட்டுமல்ல, ஃபேன் சுற்றாததாலும் இருக்கலாம். அடுத்த முறை புதுச்சேரிக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, பானட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு ஏசியை அணைத்துவிட்டு, அது தானாக ஒருமுறை சுற்றி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். சுற்றவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போட்டு, காலையில் முதல் வேலையாக ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைக்கு வண்டியை விடுங்கள்.